ஒன்பது விநாடி

“எழுந்திருடா! எழுந்திருடா எருமை!”

ஸ்டேடியத்தில் பாதி இருக்கைகள் காலி. அதனால் பெற்றோர் வரிசையிலிருந்து வெண்டல் கத்தியது களத்தின் மறு ஓரம் வரைக்கும் கேட்டது.

களத்தின் நடுவில், அறுபத்தொன்றாம் எண் எமெட் தன் நூற்று நாற்பது கிலோவோடு மல்லாந்து கிடந்தான். யாரும் அவனை இடிக்கவில்லை. கால் தடுக்கவும் இல்லை. நின்றவன் நின்றபடியே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான்.

கடிகாரத்தில் மிச்சம் ஒன்பது விநாடி.

அமெரிக்காவின் மொபீல் நகரில் டிசம்பர் கடைசியில் நடக்கும் இந்தப் போட்டிக்கு ஊறுகாய்க் கிண்ணம் என்று பெயர். செலவு ஊறுகாய் கம்பெனியுடையது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பேர் வைத்த தேசத்தில், இது பெரிய விஷயமில்லை. மோதிய இரண்டு கல்லூரிகளுக்கும் அந்த ஆண்டு ஆறு வெற்றி, ஆறு தோல்வி. நடுத்தரம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

ஆனால் கடைசி வருஷப் பையன்களுக்கு இதுதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம்.

எமெட்டின் அணியான மேற்கு ஒஹாயோ இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கோல்பி பந்தை வாங்கித் தரையில் ஓங்கி அடித்தால் கடிகாரம் நிற்கும். பிறகு ஒரே ஓர் உதை. மூன்று புள்ளி. வெற்றி.

பன்னிரண்டாம் எண் கோல்பி, வெண்டலின் மகன், அணியை நடத்துகிறவன். எமெட் அவனுக்கு முன்னால் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவன். பாய்ந்து வருகிறவர்களை உடம்பால் மறிப்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவருக்கும் இதே வேலைதான்.

“இப்பத்தான் கோல்பி மேல ரெண்டு தடியனுங்க வந்து விழுந்தானுங்க. டக்குனு எழுந்து கட்டைவிரலைக் காட்டினான், பாத்தீங்கல்ல? அவன் ஆம்பள!” என்றார் வெண்டல். “இவன் என்னடான்னா, பாய் விரிச்சுப் படுத்துட்டான்!”

நடுவர் மைக்கை எடுத்தார்.

“காயம் காரணமாக ஆட்டம் நிறுத்தப்பட்டது. விதிப்படி கடிகாரத்தில் பத்து விநாடி கழிக்கப்படுகிறது.”

ஒன்பதில் பத்து போகாது. ஆட்டம் முடிந்துவிட்டது.

ஊறுகாய் கம்பெனிக்காக வெள்ளரிக்காய் வேஷம் போட்டிருந்த ஆளைத் தூக்கிக்கொண்டு எதிரணிப் பையன்கள் கூத்தாடினார்கள்.

எமெட் எழுந்தான். நொண்டவில்லை. விறுவிறுவென்று நடந்து வெளியே போனான்.

“பாத்தீங்களா! அவனுக்கு ஒண்ணுமே இல்ல! சுத்த நடிப்பு!”

பெற்றோர் வரிசையில் எல்லோரும் பிள்ளையின் எண் போட்ட சட்டையில் வருவது வழக்கம். ஜெயிக்கிற நாளில் நல்ல வழக்கம்தான். அறுபத்தொன்று போட்டிருந்த டோரீனால் அன்றைக்கு எங்கேயும் ஒளிய முடியவில்லை.

“அவன் எதாவது காரணத்தோடதான் செஞ்சிருப்பான், வெண்டல்.”

“காரணமா? விழுந்தா பத்து செகண்டு போயிரும்னு உங்க பையனுக்குத் தெரியாதா?”

“தெரியும். விதிப் புத்தகமே அவனுக்கு மனப்பாடம்.”

“அப்ப இன்னும் மோசம்!”

அவள் வீட்டிலேயே செய்து கொண்டுவந்திருந்த கடலை மிட்டாய் டப்பா, காலையிலிருந்து வரிசையில் கைமாறிக்கொண்டிருந்தது. இப்போது அது யாரும் தொடாமல் அவளிடமே திரும்பி வந்தது. பாதிக்கு மேல் மிட்டாய் அப்படியே இருந்தது. அவள் மூடியை அழுத்தி மூடினாள்.

“நான் கீழ போறேன்” என்றார் வெண்டல். “நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும் அவனை.”

“நானும் வரேன்” என்றாள் டோரீன்.

களத்தின் ஓரத்தில், வீரர்களைப் பரிசோதிக்கும் சின்ன நீலக் கூடாரம். அதன் வாசலில் எமெட் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு ஹெல்மெட்டுகள்.

“ஏன்டா, ஒம்பது செகண்டு நிக்க முடியலயா உன்னால?”

“மெதுவா பேசுங்க, மிஸ்டர் ஸ்ட்ரவ்ட்.”

“மெதுவாவா? என் பையனோட கடைசி ஆட்டத்தையே குழி தோண்டிப் புதைச்சுட்டு, மெதுவா பேசணுமா?”

“சத்தம் அவனுக்கு ஆகாதாம்.”

“எவனுக்கு?”

கூடாரத்தின் திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் தலையை நீட்டினார்.

“கோல்பியோட அப்பாவா? உங்களத்தான் தேடிட்டிருக்கோம். ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு.”

வெண்டலின் விரல் எமெட்டைக் காட்டியபடியே நின்றது. “இவன்தானே விழுந்தான்?”

“யாராவது விழுந்தாத்தான் என்னைக் களத்துக்குள்ள விடுவாங்க, சார். நான் ஓடிப்போய் இவன் முழங்காலைப் பிடிச்சா, ‘என்னை விடுங்க, பன்னெண்டைப் பாருங்க, அவன் வேற எங்கயோ ஆடிட்டிருக்கான்’னு சொல்றான். அந்தத் தலையில இன்னொரு அடி பட்டிருந்தா...” டாக்டர் திரையை இன்னும் அகலமாக விலக்கினார். “உள்ள வாங்க. சத்தம் போடாம.”

வெண்டல் குனிந்து உள்ளே போனார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கோல்பி, அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்:

“அப்பா! ஜெயிச்சுட்டோம்ல? நாளைக்கு ஸ்கூல் லீவு விட்டுருவாங்கல்ல?”