பெயர் சொல்லும் ஒலிபெருக்கி

“பேரைச் சொல்லாத அறிவிப்பு என்னம்மா அறிவிப்பு?” என்று நகர்மன்றக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார் உறுப்பினர் ஹுர்ஷித். “தொலைச்சவன் யாரு, எந்தத் தெரு, எல்லாத்தையும் ஊர் கேக்கச் சொல்லணும். ஒளிவு மறைவு இல்லாத நிர்வாகம்னா அதுதான்!”

நகராட்சி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்கும் மெலீஹா தயங்கி எழுந்தாள்.

“ஐயா, தண்ணி நிக்கப்போகுது, இன்னார் மௌத்தாயிட்டார்... இதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியது. தொலைச்ச பொருளை வாங்க வர்றவங்க பேரு எதுக்குங்க? சிலது கூச்சப்படுற பொருளா இருக்கும்.”

“மடியில கனம் இருந்தாத்தாம்மா வழியில பயம்!”

கைகள் உயர்ந்தன. சட்டம் நிறைவேறியது.

முதல் பலி ரொட்டிக்கடை ஷாபான். காற்றில் பறந்துபோன தம் பொய்முடி டோப்பாவை நகராட்சியில் வாங்கிக்கொண்டு அவர் வீடு சேருமுன், கம்பத்துக்குக் கம்பம் அவர் பெயர் முழங்கியது. ஒரு வாரம் கடைக்கு அவர் மனைவிதான் வந்தாள். தேநீர்க்கடையில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அதிகம் சிரித்தவர் ஹுர்ஷித்.

அடுத்தவர் முகத்திரையைக் கிழிக்க விரைகிறவர், தமக்கும் ஒரு திரை உண்டென்பதை மறந்துவிடுகிறார். ஹுர்ஷித்தின் திரை அவர் வாய்க்குள் இருந்தது.

“அறுபத்துநாலு வயசு. இன்னும் அக்ரூட்டைப் பல்லாலதான் உடைக்கிறேன்” என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பல்வரிசை இஸ்மிர் நகருக்குப் போய்க் காதும் காதும் வைத்தாற்போல் செய்துகொண்டது என்பது பெற்ற மகனுக்கே தெரியாது.

செவ்வாய்ச் சந்தையில் புதுப் பல்செட் ஈறை உறுத்திற்று. ஓரமாக ஒதுங்கிக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பை காலி.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி மணி அடித்தது.

“அன்பான நகர மக்களே! சந்தையில், பாலாடைக்கட்டிக் கடைகளின் அருகே, கைக்குட்டையில் சுற்றிய மேல்வரிசைப் பல்செட் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். சட்டப்படி அவர் பெயரும் தெருவும் அறிவிக்கப்படும்.”

அன்று மாலை மகன் தாரிக்குக்குப் பெண் கேட்கப் போகவேண்டும். ‘அல்லாஹ்வின் கட்டளைப்படி, நபியின் சொற்படி, உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்கிறோம்’ என்று பெண் வீட்டார் முன்னே திருத்தமாகச் சொல்லவேண்டியவர் மாப்பிள்ளையின் தகப்பன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இன்றைக்குச் சொல் போனால் மானமும் சேர்ந்தல்லவா போகும்? கதவைத் தாழிட்டுக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

மஃப்ளரால் வாயை மூடிக்கொண்டு புறப்பட்டார்.

தேநீர்க்கடையில் ஒரே கூத்து. ஒவ்வொருவனும் அடுத்தவனைப் பார்த்து ‘ஈ’ என்று இளித்துக்கொண்டிருந்தான்.

“எங்கே, நீ காட்டு! மேல்வரிசை ஆடுதா?”

“என்னுது ஒரிஜினல்டா. சந்தேகம்னா காதைக் கொடு, கடிச்சுக் காட்டுறேன்!”

“ஹுர்ஷித் அண்ணே, வாங்க வாங்க! அக்ரூட் இருக்கு. ஒண்ணை உடைச்சு இந்தப் பயலுங்களுக்குக் காட்டுங்க!”

தொண்டையைத் தொட்டு, சளி என்று கைஜாடை காட்டிவிட்டு நழுவினார்.

அலுவலகத்தில் மெலீஹா தனியாக இருந்தாள். மேசைமேல் அந்தக் கைக்குட்டை.

“வாங்க ஐயா. என்ன விஷயம்?”

“ஃட்டம்... ஃரியா நடக்குதான்னு... பாக்க வந்தேன்.”

மெலீஹா நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. கைக்குட்டையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உரியவங்ககிட்ட சேர்ந்துடுச்சு ஐயா. ஆனா அறிவிப்பு வாசிச்சே ஆகணும்.”

“மகளே... இன்னிக்கு மட்டும்...”

“பேர் சொல்லாம விட்டா, அடுத்த கூட்டத்துல நீங்களே மேசையைத் தட்டுவீங்களே ஐயா? போயிட்டு வாங்க. வீட்டுல நல்ல காரியம் இருக்கு.”

கழிப்பறைக்குள் நுழைந்து பல்லை மாட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்தபடி வெளியே வந்தார். போட்ட சட்டமோ தம்முடையது. கெஞ்சும் வாயும் தம்முடையதே. எந்த முகத்தோடு அவளைக் கோபித்துக்கொள்வது?

தேநீர்க்கடை வாசலைத் தாண்டும்போது தலைக்கு மேலே மணி அடித்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. ஷாபானின் வழுக்கைத்தலை அவர் கண்முன் வந்து நின்றது.

“அன்பான நகர மக்களே! சந்தையில் கிடைத்த பல்செட் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படி அவர் பெயர்...”

கடையில் கோப்பைக்குள் கரண்டி கலக்கும் ஓசைகூட அடங்கிப்போயிற்று.

“...மெலீஹா. நீரூற்றுத் தெரு. நகராட்சி அறிவிப்பாளர். கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு என் நன்றி.”

கூரை பெயர்ந்து விழுவதுபோல் சிரிப்பு எழுந்தது.

“அடப்பாவமே, இருபத்தெட்டு வயசுலயே பொய்ப்பல்லா! இனி அவளை எவன்டா கட்டுவான்?”

“எல்லாம் அண்ணன் போட்ட சட்டம்டா! இல்லேன்னா இந்தச் சங்கதி நமக்குத் தெரிஞ்சிருக்குமா? அண்ணே, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே!”

பல் திரும்பக் கிடைத்துவிட்டது. ஹுர்ஷித்துக்குச் சொல்தான் வரவில்லை.