சேர்ந்து இறங்கிய கோடுகள்

"தோத்தவங்கதான் காபி போடணும்," என்றார் ஃபோல்கே.

"எப்பவும் போலத்தானே?" என்றாள் குனில்லா.

முதியவர்களின் ஞாபகமும் ஆயுளும் எப்படிக் குறைகின்றன என்று கணக்கிடும் உல்ரிக்கா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோதன்பர்க் நகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வருவாள். பத்துச் சொற்களை வாசிப்பாள். வயதான அந்தத் தம்பதியர் தனித்தனி அறையில் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிவில் இருவரின் மதிப்பெண்ணையும் அறிவிப்பாள்.

போன முறை இருவருக்கும் ஆறு. இம்முறை நான்கு. கணினியில் இரு கோடுகளும் கைகோத்து இறங்கின. கணவன் மனைவி சேர்ந்தே மறக்கிறார்கள் என்று உல்ரிக்கா கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டாள்.

வாசலில் ஃபோல்கே கிசுகிசுத்தார். "எனக்குப் பத்தும் தெரியும்மா. பாவம், அவளுக்கு மறதி. தோத்தா அழுவா. அதான் போன தடவை அவ சொன்னதைவிடக் குறைச்சே சொல்றேன்."

உருகிப்போய் உல்ரிக்கா சமையலறைக்கு வந்தாள். குனில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே நிக்கலம்மா. மனசு உடைஞ்சிடுவாரேன்னு நானும் தெரியாத மாதிரி முழுங்கிடறேன். சொல்லிடாதே!"

உல்ரிக்கா தலையில் கைவைத்தாள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள்.

"இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க!"

பத்துச் சொற்களும் இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாகக் கொட்டின.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா நடிச்சியா?"

"நீங்க மட்டும்?"

குனில்லா சட்டென்று உல்ரிக்காவின் தாளைப் பிடுங்கினாள். "தினம் வீடு வீடாப் போய் இதையே வாசிக்கிறியே, நீ சொல்லு பாப்போம்!"

ஏழாவது சொல்லோடு உல்ரிக்கா நின்றுவிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து போய் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.