இருவருக்கு மட்டும்

"கார் அதேதான்க்கா. ஆள்தான் வேற."

ஜோனி போனில் சொன்னதும் தெல்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"வேறன்னா? சரியாச் சொல்லுடி."

"திங்கக்கிழமை நீலக் கார்ல ஒருத்தர் தனியா வந்தாரில்ல, கார்பட்னு பேரு சொல்லி? பொண்டாட்டி பின்னால வருவான்னு நெனச்சோமே. இன்னிக்குக் காலையில அவரு கெளம்பிப் போயிட்டாரு. மத்தியானம் அதே கார்ல ஒரு பொம்பள வந்து எறங்குறா. அவளும் தனியா. சாவி அவ கையில இருக்கு."

மேட்டு நிலத்தின் ஓரத்தில், ஆடுகளுக்கும் ஹெதர் புதருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கல் வீடு தெல்மாவுடையது. காதல் ஜோடிகள் வந்து தங்குவதற்கென்றே வைத்திருந்தாள். ஒரே கட்டில், ஒரே கணப்பு. கதவில் 'இருவருக்கு மட்டும்' என்று ஒரு பலகை. ஜோனி அங்கே சுத்தம் செய்கிறவள்.

"துண்டு மாத்தப் போனப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. கட்டில்ல ஒரு பக்கம்தான் கசங்கியிருக்கு. நீங்க வச்ச ஒயின்ல பாதி அப்படியே இருக்கு. இஞ்சி கேக்கை நடுவுல நேரா வெட்டி, பாதிய மூடி வச்சிருக்காரு."

"புரிஞ்சு போச்சு. பாதி வாரம் அவன், பாதி வாரம் இவ. ஜோடின்னு பேரக் குடுத்துட்டு வீட்டைப் பங்கு போட்டுக்கிட்டாங்க."

"பாத்தா அப்படித் தெரியலக்கா. பாவமா இருக்கா."

"உனக்கு யாருதான் பாவம் இல்ல? அடிபட்ட ஆடும் பாவம், ஆட்டை இடிச்ச காரும் பாவம். போன வருஷம் ஒருத்தன் தனியா வந்து, ராத்திரியோட ராத்திரியா எட்டுப் பேரைக் கூட்டி வந்து வெந்நீர்த் தொட்டிய ஒடச்சானே, மறந்துட்டியா? நானே போறேன்."

தெல்மா மூன்று தடவை கதவைத் தட்டினாள். நான்காவது தடவைதான் திறந்தது.

திறந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு பக்க முடி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு காலில் மட்டும் ஷூ.

"மன்னிச்சுக்குங்க. தூங்கிட்டேன்."

"மணி மூணுதான் ஆகுது."

"ஆமாங்க."

"இந்த வீட்டை எடுத்தது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அவரு எங்க?"

"வீட்டுல. மிடில்ஸ்பரோ டவுன்ல."

"சண்டையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லங்க."

"அப்போ ஒண்ணா வர வேண்டியதுதானே?"

"ஒண்ணா வர முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

அவள் வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் கேட்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வராது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க சவுகரியம் அப்படிங்க."

"ஏம்மா, எனக்கும் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி எடத்துக்கு ஆளுக்கு ரெண்டு நாளா வர்ற புருஷன் பொண்டாட்டிய நான் பாத்ததில்ல."

"ரெண்டு ராத்திரிதாங்க. வெள்ளிக்கிழமை காலையில போயிடறேன். சத்தமே வராது. கட்டிலை விட்டு எந்திரிக்கக்கூட மாட்டேன்."

"ஜோடிக்கு மட்டும்னு போட்டிருக்கேன். படிச்சீங்கதானே?"

"படிச்சோம்."

"அப்போ பையை எடுங்க."

அவள் சண்டை போடவில்லை. படுக்கையை நீவிச் சரி செய்தாள். குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, இன்னொரு ஷூவை மாட்டிக்கொண்டு போனாள். வழியில் ஆடுகள் படுத்திருந்தன. ஹாரன்கூட அடிக்காமல், அவை எழுந்து நகரும்வரை காத்திருந்து போனது கார்.

"பாத்தியா?" என்றாள் தெல்மா, அன்று சாயந்திரம் போனில். "எதுத்து ஒரு வார்த்தை பேசல. தப்பு பண்ணாதவ இப்படி வாயை மூடிக்கிட்டுப் போவாளா?"



மறுநாள் காலையில் நல்ல வெயில். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டை ஒழுங்குபடுத்தப் போனார்கள். ஜோனி ஜன்னலோரம் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். வந்து தங்குகிற ஜோடிகள் போகும்போது இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிற நோட்டு அங்கேதான் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இதயம் வரைந்திருப்பார்கள்.

"அக்கா, அந்த ஆம்பள எழுதியிருக்காரு."

"என்னவாம்? என் கண்ணாடி கார்ல இருக்கு. நீயே படி."

ஜோனி விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"'ஜீனட், ரெண்டு நாளும் பனிமூட்டம். மேட்டைப் பாக்கவே முடியல. நாளைக்கு வெயில் வரும்னு ரேடியோவுல சொன்னான், நீயாவது பாரு. கல்யாண நாளுக்கு ரெண்டு பேருமா வரணும்னு ஆசைதான். பையனை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?'"

"ம்... மேல படி."

"'பதினோரு வருஷத்துல இப்பத்தான் முழு ராத்திரி தூங்கினேன். அவன் சரியா மூச்சு விடறானான்னு இந்த ரெண்டு ராத்திரியும் நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன். இப்ப உன் முறை.'"

ஜோனி நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒரு வரி இருக்குக்கா. 'யாரு கதவைத் தட்டினாலும் எந்திரிக்காத. தூங்கு.'"