விளக்கை விட்டுப் போனவர்

"சீக்கிரம் அந்தப் படத்தைக் கழட்டு. வாசலுக்கே வந்துட்டாங்க!"

கலங்கரை விளக்கக் காவலர் பதறினார். அவர் மனைவி சுவரில் நடுவில் தொங்கிய படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"உங்க தாத்தாதானேங்க? பாத்தா என்ன குறைஞ்சிடும்?"

"பொண்ணு கல்யாணம் குறைஞ்சிடும்! புயல்ல விளக்கை அம்போன்னு விட்டுட்டு, படகை எடுத்துக்கிட்டு ஓடின மனுஷன். எங்கப்பாவைக் கடைசி வரைக்கும் 'ஓடிப்போனவன் மகன்'னுதான் ஊரே கூப்பிட்டுச்சு. நானும் கூனிக் குறுகித்தான் வளர்ந்தேன். அந்தப் பேரு இவளுக்கும் வேணுமா?"

தம்ளர் துடைத்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, ஒரு விஷயம்..." என்றாள்.

"நீ வாயைத் திறக்காதே."

மகள் விரும்பிய பையனின் அம்மா தனியாகத்தான் வந்திருந்தார். உட்காரக்கூட இல்லை, வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்த சுவரிடம் நேராகப் போனார்.

"எல்லாரும் இந்த விளக்கைப் பாத்துக்கிட்டவங்களாண்ணா?"

"ஆமாம்மா. இவர், எங்க தாத்தாவோட அப்பா. எண்ணெய் விளக்குக் காலம். ராத்திரி முழுக்கத் திரியை வெட்டி விட்டுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் கண் அசந்தா கப்பல் பாறையில ஏறிடும். இது எங்கப்பா, இவர் காலத்துலதான் கரண்ட் வந்துச்சு. நான் சுகவாசி, சுவிட்சைத் தட்டினா போதும்."

அவர் மட்டும்தான் சிரித்தார்.

"நடுவுல ஆணி மட்டும் இருக்கே?"

"அதுவா... காலண்டர் மாட்டுறதும்மா."

"ஒருத்தர் புயல்ல விளக்கை விட்டுட்டுப் போனாராமே. அவர் உங்க தாத்தாதானே?"

காவலர் சட்டென்று அந்த ஆணியை மறைத்து நின்றார். எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான்.

"சேச்சே! அவன் யாரோ வெளியூர்க்காரன். கோழைப் பய. எங்க வம்சத்துல அப்படி ஒருத்தன் பொறந்திருந்தா, நான் வெளியில தலைகாட்டியிருப்பேனா?"

சொல்லும்போதே நாக்கு கூசியது. சொந்தத் தாத்தாவை 'அவன்' என்றாகிவிட்டது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த அம்மா விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா."

"ஒட்டும் இல்லை, உறவும் இல்லைம்மா. சத்தியமா."

அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவர் உன் கொள்ளுத்தாத்தான்னு நீதானே என் பையன்கிட்ட சொன்னே?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தால் அப்பா பொய்யர், திறக்காவிட்டால் அவள் பொய்க்காரி. கண்ணில் நீர் முட்ட, தலைகுனிந்தாள்.

காவலரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் நல்ல இடம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விட்டால்?

"சின்னப் பொண்ணும்மா. விளையாட்டுக்கு ஏதாவது உளறியிருப்பா."

அந்த அம்மாவின் முகம் வாடியது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்போ நான்தான் ஏமாந்துட்டேன். அவர் வம்சத்துப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரப்போறான்னு ஆசை ஆசையா ஓடி வந்தேன். அன்னைக்குக் கடல்ல ஒரு கப்பல் உடைஞ்சுதுண்ணா. அதுல இருந்த ஒரு குழந்தையைத் தூக்கத்தான் அவர் படகை எடுத்திருக்கார். காத்து ரெண்டு பேரையும் எங்க ஊர்க் கரையில ஒதுக்குச்சு. பேர், ஊர் சொல்லக்கூட அவருக்கு மூச்சு இல்லை. 'ஐயோ, என் விளக்கு அணைஞ்சிருக்குமே'ன்னு மட்டும் சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாராம். எந்த விளக்குன்னு இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டிருக்கோம்..."

வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் குழந்தை எங்கப்பா."