ஹால்வர் வீட்டு ஈஸ்ட்

பீருக்காக வாளியில் ஊற்றிவைத்த மால்ட் சாற்றில் சுண்டுவிரலை முக்கிப் பார்த்தார் ஹால்வர். சூடும் தெரியவில்லை, குளிர்ச்சியும் தெரியவில்லை. பதம் சரி.

உத்தரத்து ஆணியில் தொங்கிய மரவளையத்தை இறக்கினார். அதன் இடுக்குகளில் காய்ந்து ஒட்டியிருந்தது ஐந்து தலைமுறை ஈஸ்ட் என்று வோஸ் வட்டாரமே சொல்லும். ஒரு முறைகூடச் சாகாத ஈஸ்ட். யாராவது அப்படிச் சொன்னால் ஹால்வர் முதுகை நிமிர்த்திக்கொள்வார், பதில் சொல்லமாட்டார்.

எதிரே, அடுத்த பண்ணையின் சுன்னீவா உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

சனிக்கிழமை அவள் அம்மா ராக்னாவின் அடக்கம். வீட்டில் காய்ச்சிய பீர் இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்கில் யாரையும் வழியனுப்பியதில்லை. அவசரத்தில் சுன்னீவா தன் வீட்டு வளையத்தை ஆறாத சாற்றில் போட்டுவிட்டாள். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தும் நுரை வரவில்லை; ஹால்வரிடம் ஈஸ்ட் இரவல் கேட்டு வந்துவிட்டாள்.

"உசிரோட அவிச்சிட்டியே, பொண்ணே! உங்க அம்மா இருந்திருந்தா எழுந்து வந்து அறைஞ்சிருப்பா."

"அறையட்டும் ஹால்வர். எழுந்து வந்தாப் போதும்."

ஹால்வர் வளையத்தை வாளிக்கு மேலே பிடித்தார்.

வளையம் சாற்றைத் தொடும்போது தொண்டை கிழியக் கூவ வேண்டும். கூவாமல் இறக்கினால் பீருக்கு வீரியம் இராது. இரவல் ஈஸ்ட்டே ஆனாலும் அதற்கு உரிய வீட்டார்தான் கூவ வேண்டும்.

ஹால்வரின் கூவல் ஏரிக்கு அக்கரையில்கூடக் கேட்கும். சுன்னீவா காதைப் பொத்திக்கொண்டாள்.

சத்தமே வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் வளையத்தை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீ கூவு."

"நானா? உங்க வீட்டு ஈஸ்ட்டுக்கா?"

முப்பத்தொரு வருஷத்துக்கு முன், தன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ராக்னாவின் பின்வாசலில் வெறுங்கையோடு நின்றவர் ஹால்வர். அவரும் வளையத்தை ஆறாத சாற்றில் போட்டவர்தான். ராக்னா ஒரு கேள்வி கேட்கவில்லை. தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றைக் கையில் திணித்தாள். கல்யாணத்தன்று முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, "ஹால்வர் வீட்டு ஈஸ்ட் மாதிரி வருமா!" என்று ஊர் கேட்கச் சொன்னவளும் அவள்தான். பெற்ற மகளிடம்கூட அவள் வேறு மாதிரி சொன்னதில்லை.

அவர் இதில் எதையும் சொல்லவில்லை. வளையத்தைத் திருப்பி, உள்பக்கத்தில் படிந்திருந்த புகைக்கரியைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

சுன்னீவாவின் அம்மா கத்திமுனையால் கீறியிருந்த தன் பெயர் தெரிந்தது.

சுன்னீவா அந்தக் கீறலை விரலால் தடவினாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, சாற்றில் இறக்கி, கூவினாள்.

ஹால்வர் தொப்பியைக் கழற்றினார்.