கப்பல்லயே போலாம்

"மீனம்பாக்கத்துல ஏறினா ரெண்டேகால் மணி நேரந்தான் அத்தை. கண்ண மூடித் தொறந்தா போர்ட் பிளேர்ல எறங்கிடலாம். டிக்கெட் போட்டுரட்டுமா?"

மருமகன் அஜின் போனில் கேட்டதும் ஃப்ளோரன்ஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேரன் பிறந்து மூன்று மாதமாகியும் இன்னும் முகம் பார்க்கவில்லை, பாவம்.

மறுநாளே அவள் வீட்டுக்காரர் அருள்பிரகாசம் கப்பல் டிக்கெட்டோடு வந்து நின்றார்.

"இன்னாய்யா இது?"

"கப்பல்லயே போலாம்மே."

"மூணு நாளு ஆவுமே! மாப்ள பிளேன்ல வாங்கன்றாரு, நீ இன்னா பண்ணிகினு கீற?"

"ஹார்பர்ல கிரேன் ஓட்னவன் நானு. எனக்குக் கப்பல்தான் தோது."

ஃப்ளோரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹார்பராவது, கிரேனாவது! மகள் ஜானட் வீட்டில் சொல்லாமல் அஜினை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அந்தமான் போய் இரண்டு வருடம். அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர் இவர். கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினால், அதிலும் மூன்று நாள் இழுத்தடிக்கப் பார்க்கிறார்.

விஷயம் தெரிந்ததும் ஜானட் போனில் அழுதேவிட்டாள்.

"அப்பாக்கு இன்னும் கோவம் போவலியாம்மா?"

ஃப்ளோரன்ஸ் போனை வைத்துவிட்டுப் புருஷன் மேல் பாய்ந்தாள்.

"பெத்த பொண்ணு அங்க அழுதுகினு கீறா. உன் வீராப்பத் தூக்கிக் கடல்ல போடு!"

அருள்பிரகாசம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கப்பலேறிய பிறகு ஃப்ளோரன்ஸும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் மனசு கேட்காமல் ஒரு டீ வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள்.

அங்கே அருள்பிரகாசம் கம்பியைப் பிடித்தபடி, கடலைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, இப்பதான் அப்பன் நெனப்பு வந்துச்சா?"

சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மறுபடி, கொஞ்சம் தணிந்த குரலில்:

"ஜானட்டு... எங்கள அவ்ளோ சுளுவா மறந்துட்டல்ல?"

அதுவும் சரிப்படவில்லை போலிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"யாராண்டய்யா பேசிகினு கீற?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பிளேன்ல போயிருந்தா ரெண்டு மணி நேரத்துல அவ முன்னால நின்னிருப்பேன்மே. வாயத் தொறந்தா திட்டுதான் வந்திருக்கும். கொயந்தயக் கையில வச்சிகினு நிப்பாளே..." டீயை வாங்கிக்கொண்டார். "இன்னும் ஒரு நாள் கீதுல்ல? அதுக்குள்ள, 'நல்லா கீறியாம்மா'ன்னு கேக்கக் கத்துக்குவேன்."