பென்சிலில் எழுதிய துப்பாக்கி

"இன்னைக்குப் பென்சில் வேண்டாம் டெல்பர்ட். பேனாவை எடு."

ஆர்வில் சொன்னதைக் கேட்டு டெல்பர்ட்டுக்குக் காப்பி புரையேறியது.

டெல்பர்ட்டின் துப்பாக்கிப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. குழல், கட்டை, விசை, குழல்துளை அளவான காலிபர் என்று வருகிறவர் கேட்பதெல்லாம் ஆர்டர் அட்டையில் முதலில் பென்சிலில்தான் ஏறும். முடிவான பிறகு மேலேயே மையால் எழுதிக் கையெழுத்து. அதற்கப்புறம்தான் இரும்பில் கை வைப்பார். ஆர்வில்லின் அட்டை மூன்று வருஷமாகப் பென்சிலிலேயே கிடக்கிறது. அழித்து அழித்து, காலிபர் எழுதும் இடத்தில் ஓட்டையே விழுந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருக்கிறது.

மேய்ச்சல் நிலத்துத் தரையணில்களைச் சுட ஒரு சின்னக் காலிபர் துப்பாக்கி. அவ்வளவுதான் சமாசாரம். அதற்கு மூன்று வருஷம், வியாழக்கிழமை தவறாமல். வயோமிங் மாநிலத்தில் இதைவிடச் சீக்கிரமாகக் கல்யாணமும் செய்து விவாகரத்தும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். டெல்பர்ட்டே ஒருவர், வாங்கி மூன்றரை வருஷம் ஆகிறது.

"என்ன அண்ணே, திடீர்னு இவ்வளவு அவசரம்?"

"ட்ரூடிக்கு இனிமே வியாழக்கிழமை வேலையாம். இன்னைக்கு முடிக்கலைன்னா இனி வண்டியில கூட்டிட்டு வரமாட்டேன்னு கறாரா சொல்லிட்டா."

ட்ரூடி, ஆர்வில்லின் தங்கை மகள். வெளியே பிக்கப் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

ஆர்வில் வாராவாரம் கொண்டுவரும் பட்டைத்தூள் பன்னுக்காகத்தான் டெல்பர்ட் இழுத்தடிக்கிறார் என்று அதை விற்கும் ஹோட்டல்காரி சொல்வாள். அவள் வியாபாரம் அவளுக்கு. உண்மையில் டெல்பர்ட்டுக்கு ஆர்வில் மேல் பரிதாபம். எழுபத்து நாலு வயது. மனைவி போய் ஐந்து வருஷம். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு நாய், அதுவும் செவிடு. துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டால் வியாழக்கிழமை மனுஷர் எங்கே போவார்?

இது டெல்பர்ட் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. இவர் பட்டறைக்கு வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டால், தபால்காரர். அவரும் இஞ்சினை அணைப்பதில்லை.

அந்தப் பரிதாபத்தில் டெல்பர்ட் மறைத்துவைத்திருந்த ஒரு சங்கதி ஊருக்கே தெரியாது. முதல் வியாழக்கிழமை ஆர்வில் கேட்ட துப்பாக்கி அந்த வருஷக் குளிர்காலத்திலேயே தயார். வேறு வேலையில்லாத கை, பென்சிலை நம்பி இறங்கிவிட்டது. முடித்ததைச் சொல்ல வாயெடுத்த அன்று, "காலிபரை மாத்தினா என்ன?" என்று கேட்டபடியே ஆர்வில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொல்ல மனம் வரவில்லை. அது இரும்பு அலமாரிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

"சரி, சொல்லுங்க." டெல்பர்ட் பேனாவை எடுத்தார்.

"முதல் நாள் சொன்னேனே, அதேதான். ட்ரிபிள் டூ காலிபர். இருபத்து நாலு அங்குலக் குழல். வால்நட் கட்டை."

டெல்பர்ட்டின் கண் தானாக அலமாரிக்குப் போனது. நாலு எட்டு வைத்தால் போதும், வேலை முடிந்தது. அந்த நாலு எட்டுதான் வரவில்லை.

"எழுதினதைப் படி. உன் குரல்ல கேட்டாத்தான் எனக்கு அது துப்பாக்கி."

எப்போதும் இப்படித்தான். விலைப்பட்டியலைக்கூட டெல்பர்ட்தான் வாசிக்க வேண்டும். அப்படி ஒரு சோம்பேறி மனுஷர்.

டெல்பர்ட் படித்தார். ஆர்வில் பேனாவை வாங்கினார். அது கையெழுத்துக் கோட்டைத் தாண்டி, அட்டையையும் தாண்டி, மேசைப் பலகைமேல் போய் நின்றது. போட மனமில்லை, பாவம் என்று டெல்பர்ட் நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். ட்ரிபிள் டூ நம்ம ஊர் காத்துக்குத் தாங்குமா?"

ஆர்வில்லின் தலை சட்டென்று நிமிர்ந்தது. "ஏன், காத்துக்கு என்ன?"

"முன்னூறு கஜத்துல குண்டைத் தள்ளிட்டுப் போயிடும். டூ நாட் ஃபோர் காலிபர்னா வேகம். காத்து அவ்வளவாத் தள்ளாது."

"அப்ப குழல் மாறணுமே?"

"மாறும்."

"குழல் கனம் மாறினா கட்டை?"

"கட்டை மாறினா குறிபாக்கற ஸ்கோப் உயரமும் மாறும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து பாக்கணும்."

"அடப்பாவி! மூணு வருஷமா இதைச் சொல்லாம என்ன புடுங்கிட்டிருந்த?"

திட்டுகிற முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை டெல்பர்ட் பார்த்ததில்லை.

"பேனாவை வை, பென்சிலை எடு. ட்ரூடியை நான் எப்படியாவது சமாளிக்கறேன். இரு, பாத்ரூம் போயிட்டு வரேன்."

சுவரைத் தடவியபடியே ஆர்வில் பின்கட்டுக்குப் போனார். ஒரு மனுஷரின் வியாழக்கிழமைகளைக் காப்பாற்றிக் கொடுத்த நிறைவோடு டெல்பர்ட் புது அட்டை ஒன்றை எடுத்துவைத்தார்.

வாசல் மணி அடித்தது. ட்ரூடி.

"கையெழுத்துப் போட்டாரா அங்கிள்?"

"இல்லம்மா." டெல்பர்ட் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, நான்தான் இழுத்துட்டிருக்கேன். தனிக்கட்டை. துப்பாக்கியைக் குடுத்துட்டா அவருக்குப் போக்கிடம் ஏது? நீயும் கொஞ்சம் அனுசரிச்சுக்கம்மா."

ட்ரூடி அவரைப் பார்த்தாள். ஓட்டை விழுந்த அட்டையைப் பார்த்தாள். பின்கட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மாமாவுக்குப் பார்வை போயி நாலு வருஷம் ஆச்சு அங்கிள், ஏதோ நிழல் மாதிரிதான் தெரியும். இருந்த துப்பாக்கி எல்லாத்தையும் அப்பவே வித்துட்டார். 'பின்ன எதுக்கு வாராவாரம் அங்க?'ன்னு கேட்டா, 'நான் முடிவு பண்ணிட்டா அப்புறம் அந்த டெல்பர்ட்கிட்டப் பேச யாரு இருக்கா, பாவம்'ங்கறார்."